கடைக்கென்று ஒரு போன்: சிறு வணிகர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பொள்ளாச்சியில் சித்தப்பா பம்ப்செட் கடை வைத்திருந்தார். மோட்டார் விற்பது, காயில் கட்டுவது, போர்வெல்லில் மோட்டாரைத் தூக்கி இறக்குவது என மூன்று வேலையும் நடக்கும். பில் புத்தகத்தில் கடைப் பெயருக்குக் கீழே அச்சடித்திருந்தது மூத்த மெக்கானிக்கின் செல் நம்பர். தோட்டத்துக்காரர்கள் அவரைக் கூப்பிடுவார்கள், அவரே எடுத்துப் பதில் சொல்வார், எல்லோருக்கும் வசதியாகத்தான் இருந்தது. ஒரு சித்திரையில் அவர் விலகிச் சொந்தமாகக் கடை போட்டார். நம்பரும் அவரோடு போனது. அந்தக் கோடை முழுக்க, எங்களிடம் மோட்டார் வாங்கியவர்கள் எங்கள் பில்லையே பார்த்து அவரைக் கூப்பிட்டார்கள். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. சிம் அவர் பெயரில், அவர் காசில் வாங்கியது. கடை தனக்கென்று ஒரு நம்பர் வைத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கடைக்கும், சொந்தக்காரர்கள் நண்பர்கள் கடைகள் சிலவற்றுக்கும் போன் ஏற்பாடு செய்து கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன். இரண்டு பேர் முதல் பதினைந்து பேர் வரை வேலை செய்யும் கடை, பட்டறை, கிளினிக், டிராவல்ஸ், பிரிண்டிங் பிரஸ் எதற்கும் இது பொருந்தும். பொருள் வாங்குவதைப் பற்றிய பேச்சு பாதியில்தான் வரும். அதற்கு முன் செய்ய வேண்டியவை இருக்கின்றன.

படி 1: ஒரு வாரம் எண்ணுங்கள்

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி போன் பக்கத்தில் வையுங்கள். வரும் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு வரி: மணி, எதற்காகக் கூப்பிட்டார், எத்தனை நிமிடம் பேசினோம். அன்றைய மிஸ்டு கால்களை ராத்திரி கடை சாத்தும்போது எண்ணிக் கீழே எழுதுங்கள். ஒரே ஒரு வாரம் போதும்.

சித்தப்பா கடையில் இப்படி எழுதியபோது, நாளெல்லாம் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது என்று நாங்கள் நினைத்திருந்தது சரியில்லை என்று தெரிந்தது. காலை ஏழரைக்கும் ஒன்பதரைக்கும் நடுவில்தான் கூட்டம். தோட்டத்துக்குத் தண்ணீர் விடப் போனவர் மோட்டார் ஓடவில்லை என்று பார்ப்பது அந்த நேரத்தில்தான். மதியம் இரண்டு மணிக்கு மேல் போன் தூங்கியது. கடை திறப்பதோ ஒன்பது மணிக்கு! முதல் திருத்தம் எந்தக் கருவியும் வாங்காமல் நடந்தது: ஏழரை மணிக்கே போனை எடுக்க ஒருவர் பொறுப்பேற்றார்.

இனி கொஞ்சம் கணக்கு. ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேச வழி வேண்டும் என்பதை, மொத்தம் எத்தனை அழைப்பு வருகிறது என்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. மிக நெருக்கடியான ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். டென்மார்க்கைச் சேர்ந்த ஏ.கே. எர்லாங் என்ற கணித அறிஞர் கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் இருந்தபோது இதற்கு ஒரு கணக்கு முறை வகுத்தார். நூறு ஆண்டுக்கும் மேலாகிவிட்ட அந்த முறை இன்றும் அப்படியே பயன்படுகிறது.

உங்கள் நெருக்கடி மணியில் 20 அழைப்பு வருகிறது, ஒவ்வொன்றும் 3 நிமிடம் நீள்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 60 நிமிடப் பேச்சு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு லைன் சரியாகப் போதும் என்று மனக்கணக்கு சொல்லும். ஆனால் வாடிக்கையாளர்கள் வரிசையில் நின்று ஒருவர் பின் ஒருவராகக் கூப்பிடுவதில்லை. எர்லாங் கணக்குப்படி ஒரே லைன் இருந்தால் பாதிப் பேருக்கு பிஸி டோன்தான். இரண்டு லைன் இருந்தால் ஐந்தில் ஒருவருக்கு பிஸி. மூன்று என்றால் பதினாறில் ஒருவருக்கு. நான்கு என்றால் அறுபத்தைந்து பேரில் ஒருவருக்கு. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போவதில் கிடைக்கும் பலன் பெரிது. நான்குக்கு மேல் போவது இந்த அளவுள்ள கடைக்கு வீண் செலவு. லைன் இருந்தால் மட்டும் போதாது, எடுக்க ஆளும் வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

படி 2: நம்பரைக் கடையின் சொத்தாக்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இந்தப் பகுதியைப் படியுங்கள். கருவியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பத்து ஆண்டு பில்லிலும் போர்டிலும் காலண்டரிலும் ஏறிவிட்ட நம்பரை மாற்ற முடியாது.

கடைப் போர்டில் எழுதப்போகும் நம்பர் முதலாளி பெயரிலோ நிறுவனத்தின் பெயரிலோ இருக்க வேண்டும். வேலைக்கு இருப்பவர், கல்லூரி போகும் மகன், அந்தச் சமயத்தில் ஆதார் கையில் வைத்திருந்த மச்சான், இவர்கள் பெயரில் வேண்டாம். தனிநபர் பெயரில் அதிகபட்சம் 9 மொபைல் இணைப்புகள்தான் வைத்திருக்கலாம். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் இதை மீறினால் முதல் முறை 50,000 ரூபாய் வரையும், மறுபடி மீறினால் 2 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்கிறது. உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். உங்களுக்கே தெரியாத நம்பர் ஏதாவது இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். இதை இன்றைக்கே ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

நிறுவனத்தின் பெயரில் இணைப்பு எடுத்தால் ஜிஎஸ்டி சான்றிதழ், பான் கார்டு, முகவரி ஆதாரம் கேட்பார்கள். அந்த சிம்மைப் பயன்படுத்தப்போகும் ஊழியரின் கேஒய்சியும், அதாவது அடையாளச் சரிபார்ப்பும், தனியாகத் தேவை. முன்பு மொத்தமாக வாங்கிப் பிரித்துக் கொடுத்ததைப் போல இப்போது செய்ய முடியாது. சிரமம்தான், ஆனால் ஊழியர் விலகினாலும் நம்பர் நிறுவனத்தோடு நிற்கும். ஜிஎஸ்டி எண் பில்லில் வருமாறு கேட்டு வாங்கினால், போன் கட்டணத்தோடு கட்டும் 18 சதவீத வரியை உள்ளீட்டு வரிச் சலுகையாக எடுத்துக்கொள்ளவும் முடியும்.

சேவை சரியில்லை என்றால் நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றுங்கள். 2011 முதல் இந்த வசதி நாடு முழுக்க இருக்கிறது. 1900 என்ற எண்ணுக்கு, ஆங்கிலத்தில் போர்ட் என்ற சொல்லையும் ஓர் இடைவெளி விட்டு உங்கள் பத்து இலக்க நம்பரையும் எஸ்எம்எஸ் அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அதை எடுத்துக்கொண்டு புதிய கம்பெனிக்குப் போகலாம். தொலைந்த சிம்முக்குப் பதில் புது சிம் வாங்கியிருந்தால் 7 நாள் கழித்துத்தான் இந்தக் குறியீடு கிடைக்கும். 2024 ஜூலையில் வந்த விதி அது, சிம் திருட்டைத் தடுப்பதற்காக. லேண்ட்லைன் நம்பரை மொபைலுக்கு மாற்றிக்கொள்ளும் வசதி நம் நாட்டில் கிடையாது. லேண்ட்லைனை முதன்மை நம்பராகப் போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போட வேண்டும்.

பலர் கவனிக்காத ஓர் ஆபத்தும் உண்டு. 90 நாள் தொடர்ந்து பயன்படுத்தாத பிரீபெய்டு நம்பரைக் கம்பெனி முடக்கலாம். பிறகு அது வேறொருவருக்குப் போகும். “பழைய நம்பர்தானே, டிராயரில் கிடக்கட்டும்” என்று போட்டுவைத்த சிம், ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவர் கையில் ஒலிக்கும். உங்கள் பழைய வாடிக்கையாளர்கள் அவரிடம் மோட்டார் ரேட் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பழைய நம்பரையும் ரீசார்ஜ் செய்து உயிரோடு வையுங்கள்.

வணிகத் தகவல் தளங்களில் பட்டியலிடும்போதும் பாருங்கள். சில தளங்கள் உங்கள் நம்பருக்குப் பதில் தங்கள் நம்பரைக் காட்டி, அழைப்பை உங்களுக்குத் திருப்பி விடும். சந்தாவை நிறுத்திய நாளில் அந்த நம்பரும் நின்றுபோகும். அதை விசிட்டிங் கார்டில் அச்சடித்துவிடாதீர்கள்.

படி 3: நான்கு வழிகளில் உங்களுக்கு எது?

முதல் வழி: இரண்டு மொபைல், ஒரு ஃபார்வேர்டு. மூன்று நான்கு பேர் உள்ள கடைக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. கடை நம்பருக்கு ஒரு பட்டன் போன் வாங்கி, கல்லாவுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டிய மாதிரி அசையாமல் வையுங்கள். அது யார் பாக்கெட்டிலும் போகக் கூடாது. பழைய மாதிரி 2ஜி பட்டன் போனில் ஜியோ சிம் வேலை செய்யாது, அதற்கு 4ஜி போன் வேண்டும். பேசவும் எஸ்எம்எஸ் அனுப்பவும் மட்டுமான ரீசார்ஜ்களை, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் உத்தரவுப்படி 2025 தொடக்கத்திலிருந்து கம்பெனிகள் தருகின்றன. கல்லாப் போனுக்கு டேட்டா தேவையில்லை, அந்த ரீசார்ஜைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, அந்த போனின் அழைப்பு அமைப்புகளுக்குள் போய், எடுக்காவிட்டாலும், பிஸியாக இருந்தாலும், சிக்னல் இல்லாவிட்டாலும் அழைப்பு இரண்டாவது மொபைலுக்குப் போகுமாறு செய்யுங்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. கால் வெயிட்டிங் வசதி ஆனில் இருந்தால் இரண்டாவது அழைப்பு பிஸி என்று கணக்கில் வராது. நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது காதில் ‘டொக் டொக்’ என்று கேட்கும், அவ்வளவுதான், அடுத்த போனுக்குத் தாவாது. கடைப் போனில் கால் வெயிட்டிங்கை ஆஃப் செய்தால்தான் பிஸி ஃபார்வேர்டு ஒழுங்காக வேலை செய்யும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

இரண்டாவது வழி: லேண்ட்லைன். இப்போது பெரும்பாலும் ஃபைபர் இன்டர்நெட்டோடு சேர்ந்தே வருகிறது. 0422, 04259 என்று ஊர்க் குறியீட்டோடு ஒரு நம்பர் போர்டில் இருந்தால், “இவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள், ஓடிப்போக மாட்டார்கள்” என்ற நம்பிக்கை வருகிறது. வயதான வாடிக்கையாளர்களிடம் இதை நேரில் பார்த்திருக்கிறேன். ஒரே நம்பருக்கு வரும் அழைப்புகளை இரண்டு மூன்று லைனுக்கு வரிசையாகத் தாவ விடும் ஹண்டிங் வசதி கிடைக்கிறதா என்று கேளுங்கள். லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்குப் பேச 2021 ஜனவரி 15 முதல் முன்னால் பூஜ்யம் சேர்க்க வேண்டும். புதிதாக வரும் ஊழியர் இது தெரியாமல் “எந்த நம்பரும் போக மாட்டேங்குதுங்க” என்று வந்து நிற்பார்.

செம்புக் கம்பியில் ஓடிய பழைய லேண்ட்லைனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்தது, ஊரே இருண்டு கிடந்தாலும் போன் அடிக்கும். ஃபைபர் அப்படி இல்லை. கடையில் உள்ள மோடத்துக்கு கரண்ட் இல்லை என்றால் லைன் செத்துவிடும். மோடத்துக்கு மட்டுமான சின்ன யுபிஎஸ் சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. லைன் வாங்கும் அன்றே அதையும் வாங்கிவிடுங்கள்.

மூன்றாவது வழி: இபிஎபிஎக்ஸ், அதாவது கடைக்குள்ளேயே ஒரு குட்டி எக்ஸ்சேஞ்ச். மூன்று லைன், எட்டு எக்ஸ்டென்ஷன் என்பது சிறிய கடைகளில் வழக்கமான அளவு. இது யாருக்கு? ஒரே கட்டடத்துக்குள் ஆட்கள் பிரிந்து உட்கார்ந்திருக்கும் இடங்களுக்கு: கிளினிக், லாட்ஜ், கீழே ஷோரூமும் மேலே ஸ்டோரும் உள்ள கடை. மாடியில் இருப்பவரைக் கத்திக் கூப்பிடாமல் இண்டர்காமில் கேட்கலாம். வெளி அழைப்பை “ஒரு நிமிஷம் இருங்க” என்று சொல்லி அவருக்கே மாற்றியும் விடலாம். ஆட்கள் வண்டியில் ஊர் சுற்றும் தொழில் என்றால் இபிஎபிஎக்ஸ் வாங்காதீர்கள், எக்ஸ்டென்ஷன் போன்கள் காலி நாற்காலிகளைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். மெஷினின் பிராண்டை விட, மாட்டிக்கொடுப்பவர் உங்கள் ஊரில் இருக்கிறாரா, இடி இறங்கி போர்டு போய்விட்டால் மறுநாள் வருவாரா என்பதுதான் முக்கியம். புரோகிராமிங் பாஸ்வேர்டை அவரிடம் எழுதி வாங்கி வையுங்கள். பலரும் இதைக் கேட்பதே இல்லை.

இந்த மெஷினுக்கு மூதாதையான தானியங்கி எக்ஸ்சேஞ்சை உருவாக்கியவரே ஒரு சிறு வியாபாரிதான். அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் இறுதிச் சடங்கு ஏற்பாட்டாளராக இருந்த ஆல்மன் ஸ்ட்ரோஜர். தன்னைக் கேட்டுக் கூப்பிடுகிறவர்களை டெலிபோன் ஆபரேட்டர் போட்டிக்காரருக்கு இணைத்துவிடுகிறார் என்ற சந்தேகம்தான் அவரைத் தூண்டியது என்று சொல்வார்கள். ஆபரேட்டரே தேவைப்படாத ஸ்விட்சை வடிவமைத்து 1891-இல் காப்புரிமை பெற்றார். தன் கடைக்கு வர வேண்டிய அழைப்பு இன்னொருவருக்குப் போகும் வேதனையை எங்கள் குடும்பமும் அறியும் என்பதால் இந்தக் கதை எனக்கு நெருக்கமானது.

நான்காவது வழி: கிளவுட் டெலிபோனி. பெயர் பெரிதாக இருந்தாலும் விஷயம் எளிது. ஒரு நம்பர் கிடைக்கும். அதற்கு வரும் அழைப்பை கம்பெனியின் கம்ப்யூட்டர் எடுத்து, நீங்கள் சொல்லிவைத்த வரிசையில் உங்கள் ஆட்களின் மொபைல்களுக்கு அனுப்பும். மெஷின் கிடையாது, ஒயர் கிடையாது. யார் எடுத்தார்கள், யார் எடுக்கவில்லை, எவ்வளவு நேரம் பேசினார்கள் என்பதெல்லாம் பட்டியலாக வரும். பேச்சும் பதிவாகும். பெங்களூரின் எக்ஸோடெல், ஹைதராபாத்தின் ஓசோன்டெல், மைஆபரேட்டர் போன்றவை இதைத் தருகின்றன. டாடா டெலி, ஏர்டெல் போன்ற தொலைத்தொடர்பு கம்பெனிகளிடமும் உண்டு.

மெக்கானிக்குகள் ஊர் ஊராகப் போகும் சித்தப்பா கடைக்குக் கடைசியில் இதுதான் பொருந்தியது. ஆனால் கையெழுத்துப் போடும் முன் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கினோம். நம்பர் எங்களுக்குச் சொந்தமா, விலகினால் கொண்டுபோக முடியுமா? ஒரே நேரத்தில் எத்தனை அழைப்பு, அதாவது எத்தனை சேனல்? உங்களிடமிருந்து எங்கள் மெக்கானிக்கின் மொபைலுக்குப் போகும் இரண்டாவது அழைப்புக்கு நிமிடக் கணக்கு எப்படி? அழைத்தவரின் நம்பர் எங்கள் ஆளுக்குத் தெரியுமா? முதல் கேள்விக்கு “முடியாது” என்று பதில் வந்தது. அதனால் கிளவுட் நம்பரை எங்கும் விளம்பரம் செய்யவில்லை. எங்கள் பெயரில் உள்ள மொபைல் நம்பரைப் போர்டில் எழுதி, அதை கிளவுட் நம்பருக்கு ஃபார்வேர்டு செய்தோம். நாளைக்கு கம்பெனியை மாற்றினாலும் போர்டை மாற்ற வேண்டியதில்லை.

ஃபார்வேர்டு செய்யும் அந்த சிம்மின் ரீசார்ஜ் தேதியைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். அது தீர்ந்தால் மொத்த ஏற்பாடும் நின்றுவிடும்.

1800 என்று தொடங்கும் டோல் ஃப்ரீ நம்பர் வேண்டுமா என்று கேட்பார்கள். அதில் அழைப்பவருக்குப் பதில் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். எல்லோர் போனிலும் அளவில்லாப் பேச்சு பேக் இருக்கும் இந்தக் காலத்தில் உள்ளூர்க் கடைக்கு இது தேவையில்லை.

படி 4: வரவேற்புக் குரல்

இபிஎபிஎக்ஸிலும் கிளவுடிலும் ஒரு பதிவுக் குரலை வைக்கலாம். மிகப் பெரும்பாலான கடைகள் இதில்தான் கோட்டை விடுகின்றன. ஆங்கிலத்தில் எழுதி, பிறகு தமிழாக்கி, “ஒன்றை அழுத்தவும், சேவைக் கோரிக்கைகளுக்கு” என்று பதிவு செய்துவிடுகிறார்கள். கேட்பவர் முதலில் எண்ணைக் கேட்டு, அது எதற்கு என்று தெரிவதற்குள் எண்ணை மறந்துவிடுகிறார். தமிழில் காரணம் முன்னால் வரும், செயல் பின்னால் வரும். அந்த வரிசையிலேயே பேசுங்கள்:

“வணக்கமுங்க. மோட்டார் ரிப்பேருன்னா ஒன்னை அமுக்குங்க. புது மோட்டார், பைப் ரேட்டுக்கு ரெண்டை அமுக்குங்க. வேற எதுன்னாலும் லைன்லயே இருங்க, எடுத்துப் பேசறோம்.”

இவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு நொடி. கடை வரலாறு, பின்னணி இசை, திருவிழா வாழ்த்து எதுவும் வேண்டாம். மோட்டார் ஓடாமல் வாழை காய்ந்துகொண்டிருப்பவர் கேட்கிறார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டூடியோக் குரல் தேவையில்லை, உங்கள் ஊர்ப் பேச்சில் கடைக்காரர் ஒருவரே பேசினால் போதும். எங்கள் கடையில் சித்தி பேசினார். எதையும் அழுத்தாமல் காத்திருப்பவருக்கு ஒரு மனிதர் கிடைத்தே ஆக வேண்டும், இதில் விதிவிலக்கு வைக்காதீர்கள்.

பேச்சைப் பதிவு செய்கிறீர்கள் என்றால் அதையும் ஒரு வரியில் அந்தக் குரலிலேயே சொல்லிவிடுங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலை அடிப்படையாகக் கொண்டது. சட்டம் ஒருபுறம் இருக்க, சொல்லாமல் பதிவு செய்வது வாடிக்கையாளருக்குச் செய்யும் மரியாதைக் குறைவு.

படி 5: எடுப்பவர்

நீங்கள் எடுக்காவிட்டால் மொபைலில் 30 நொடியும் லேண்ட்லைனில் 60 நொடியும் மணி அடிக்க வேண்டும் என்பது 2019-இல் டிராய் வகுத்த அளவு. ஆக, கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டிருப்பவருக்கு அரை நிமிடம்தான் கிடைக்கிறது. அதனால் ஃபார்வேர்டை 15 நொடியில் தாவுமாறு வைப்பது நல்லது.

யார் எடுப்பது என்பதைப் பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். “யாராவது எடுங்கப்பா” என்ற கடையில் யாரும் எடுக்க மாட்டார்கள். காலையில் இவர், சாப்பாட்டு நேரத்தில் இவர், ராத்திரி எட்டு மணிக்கு மேல் இவர் என்று சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

எடுத்தவுடன் கடைப் பெயரைச் சொல்லுங்கள். “ஹலோ” என்று மட்டும் சொன்னால் அந்தப் பக்கமும் “ஹலோ” என்கிறது, இரண்டு ஹலோவில் நான்கு நொடி போகிறது. அடுத்து என்ன கேட்க வேண்டும் என்பது தொழிலுக்குத் தொழில் மாறும். உங்கள் முதல் வார நோட்டிலிருந்தே அதை எடுக்கலாம். எங்கள் கடையில் ஐந்து கேள்வி வைத்தோம்: பேர், ஊர், தோட்டத்துக்கு வழி, மோட்டார் எத்தனை ஹெச்பி, ஸ்டார்ட்டரில் கை வைத்தால் என்ன ஆகிறது. கடைசிக் கேள்விக்கு வரும் பதிலிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

“அண்ணா, பட்டனை அமுக்குனா விர்ருனு சத்தம் மட்டும் வருதுங்க, ஓட மாட்டேங்குது.”

“பேஸ் மூணும் வருதுங்களா பாருங்க. ஒன்னு கட்டாயிருந்தா மோட்டாரை மறுபடி போட்டுப் பார்க்காதீங்க, காயில் போயிரும்.”

வண்டி எடுத்துப் போகாமலே ஒரு மோட்டாரைக் காப்பாற்றிய அழைப்பு அது. அப்படிப்பட்ட வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போக மாட்டார். பதில் சொல்லத் தெரிந்தவர் எடுக்கும் போனுக்குத்தான் மதிப்பு. உங்கள் கடையில் விவரம் தெரிந்தவரிடம் போன் சீக்கிரம் போய்ச் சேருமாறு வரிசையை அமையுங்கள்.

மிஸ்டு கால்களுக்கு நேரம் ஒதுக்குங்கள். காலை பதினொன்று, மாலை நாலு, இரண்டு முறை உட்கார்ந்து ஒவ்வொருவரையும் திருப்பிக் கூப்பிட வேண்டும். நம்மூரில் மிஸ்டு கால் என்பது பெரும்பாலும் “நீங்க கூப்பிடுங்க” என்ற செய்திதான்.

படி 6: வாட்ஸ்அப்

கடைக்கு வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைப் பயன்படுத்துங்கள். லேண்ட்லைன் நம்பரிலும் இதைத் தொடங்கலாம், சரிபார்ப்புக் குறியீட்டை எஸ்எம்எஸ்ஸுக்குப் பதில் அழைப்பாகக் கேட்டால் போதும். கடை நேரம், முகவரி வரைபடம், பொருள் பட்டியல், கடை மூடியிருக்கும்போது தானாகப் போகும் பதில் எல்லாம் இதில் இலவசம். கம்ப்யூட்டர் உட்பட நான்கு கருவிகளில் கூடுதலாக இணைக்கலாம் என்பதால் கல்லாவிலும் ஸ்டோரிலும் ஒரே உரையாடலைப் பார்க்கலாம். மோட்டாரின் பெயர்ப்பலகையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால் போனில் பத்து நிமிடம் விளக்க வேண்டியது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

இரட்டைச் சரிபார்ப்பு பின் எண்ணைக் கட்டாயம் போடுங்கள். அதை முதலாளியும் நம்பிக்கையான இன்னொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

படி 7: நீங்கள் அழைக்கும்போது

உங்களிடம் விவரம் கேட்டவரைத் திருப்பிக் கூப்பிடுவதில் சிக்கல் இல்லை. முன்பின் தெரியாத நூறு பேரை வரிசையாகக் கூப்பிட்டு ஆடித் தள்ளுபடி சொல்வது வேறு விஷயம். விளம்பர அழைப்புக்குப் பதிவு செய்துகொண்டு 140 வரிசை எண்ணில் இருந்துதான் கூப்பிட வேண்டும். சாதாரண பத்து இலக்க நம்பரில் இதைச் செய்பவரின் இணைப்புகள் அனைத்தையும் துண்டித்து இரண்டு ஆண்டு வரை கறுப்புப் பட்டியலில் வைக்குமாறு டிராய் 2024 ஆகஸ்டில் உத்தரவிட்டது. ஒரு வாரத் தள்ளுபடிக்காகப் பத்து ஆண்டு நம்பரை இழக்க வேண்டாம். மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்பவும் தொலைத்தொடர்பு கம்பெனிகளின் டிஎல்டி தளத்தில் பதிவு தேவை.

படி 8: ஏமாற்றுக்காரர்கள்

கடைப் போனுக்கு எல்லா வகை மோசடி அழைப்பும் வரும், ஏனென்றால் நம்பர் போர்டிலேயே இருக்கிறது. எடுப்பவர் எல்லோருக்கும் மூன்று விஷயம் சொல்லி வையுங்கள். ஓடிபி யாருக்கும் சொல்லக் கூடாது. “பணம் அதிகமாக அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்” என்றால் வங்கிக் கணக்கைப் பார்க்காமல் அனுப்பக் கூடாது, எஸ்எம்எஸ்ஸை நம்பக் கூடாது. யாராவது நட்சத்திரக் குறியும் எண்ணும் சேர்ந்த ஒன்றை டயல் செய்யச் சொன்னால் செய்யக் கூடாது. *401# என்று தொடங்கும் எண்ணை அழுத்தவைத்து, கடைக்கு வரும் அழைப்புகளையும் ஓடிபி அழைப்புகளையும் தங்கள் போனுக்குத் திருப்பிக்கொண்ட மோசடி பரவியதால்தான், 2024 ஏப்ரல் 15 முதல் அந்த வகை ஃபார்வேர்டு வசதியையே நிறுத்தச் சொன்னது தொலைத்தொடர்புத் துறை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐக் கூப்பிடுங்கள். கூகுளில் உங்கள் கடைப் பக்கத்தில் வேறு நம்பர் ஏறியிருக்கிறதா என்றும் மாதம் ஒரு முறை பாருங்கள், வெளியார் யாரும் அதில் திருத்தம் பரிந்துரைக்க முடியும்.

படி 9: மாற்றும் நாள்

கோடையின் உச்சத்தில், தீபாவளிக்கு முந்தின வாரத்தில், உங்கள் தொழில் எதுவோ அதன் சீசனில் மாற்றாதீர்கள். வேலை குறைந்த ஒரு செவ்வாய், புதன் பார்த்துத் தொடங்குங்கள். முதலில் நீங்களே வெளியே நின்று கூப்பிட்டுப் பாருங்கள்: கடை போனை எடுக்காமல் விட்டு ஒரு முறை, பிஸியாக வைத்து ஒரு முறை, ஸ்விட்ச் ஆஃப் செய்து ஒரு முறை, மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு ஒரு முறை. வயதான ஒருவரிடம் போனைக் கொடுத்தும் கூப்பிடச் சொல்லுங்கள். எங்கள் பாட்டி கூப்பிட்டபோதுதான் பதிவுக் குரலின் வேகம் அதிகம் என்று தெரிந்து மறுபடி பேசினோம்.

பிறகு புது நம்பரைப் போர்டு, பில், டெலிவரி சலான், வண்டியின் பின்பக்கம், கூகுள், வாட்ஸ்அப் என எல்லா இடத்திலும் ஒரே நாளில் மாற்றுங்கள். விற்ற ஒவ்வொரு ஸ்டார்ட்டர் பெட்டியின் உள்பக்கத்திலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மோட்டார் நின்றுபோனால் தோட்டத்துக்காரர் டார்ச் அடித்துத் திறந்து பார்ப்பது அந்தப் பெட்டியைத்தான். சித்தப்பா கடைக்கு வரும் அழைப்பில் இன்றைக்கும் நல்ல பங்கு, அந்த ஸ்டிக்கரைப் பார்த்துக் கூப்பிடுபவர்களுடையது.